‘உய்ங்’ என்கிறதா உங்கள் கேமரா ஃபிளாஷ்?

ஃபிலிம் கேமராவின் ஃபிளாஷை ஆன் செய்ததும் ஒரு ‘உய்ங்...’ சத்தம் வருமே, அதைக் கேட்டிருப்பீர்கள். அடிக்குரலில் தொடங்கி, மேலே மேலே ஏறி, காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய் மறையும். அந்த நேரத்தில் கேமராவின் பின்பக்கம் சின்னதாக ஒரு ஆரஞ்சு விளக்கு எரியும். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்தச் சத்தத்தின் மேல் பகுதி எனக்கு இப்போது கேட்பதே இல்லை. அதனால் எந்தப் பழைய கேமரா மேசைக்கு வந்தாலும் முதலில் மகளைக் கூப்பிட்டு, அவள் காதருகே பிடிப்பேன். “ஏறுதுப்பா... இன்னும் ஏறுது... ம், போயிடுச்சு” என்பாள். பாதிப் பரிசோதனை அதிலேயே முடிந்துவிடும்.

பன்னிரண்டு வருடமாக ஓய்வு நேரத்தில் பழைய ஃபிலிம் கேமராக்களின் ஃபிளாஷைப் பழுது பார்க்கிறேன். முதல் கேமராவில் என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். ஃபிளாஷ் வேலை செய்யவில்லை. பேட்டரியைக் கழற்றி இரண்டு நாள் ஆகியிருந்தது. இனி என்ன பயம் என்று மேல் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த கறுப்பு உருளையை இரண்டு விரலால் பிடித்து நகர்த்திப் பார்த்தேன். அடுத்த நொடி கேமரா அறையின் அந்தப் பக்கத்துத் தரையில் கிடந்தது. இடது ஆட்காட்டி விரலில் கடுகளவு வெள்ளைத் தழும்பு இன்றும் இருக்கிறது. விழுந்ததில் வியூஃபைண்டர் கண்ணாடி உடைந்தது. அப்புறம் பார்த்தால், பழுது பேட்டரி அறைக்குள் அறுந்து கிடந்த ஒரு சிவப்பு ஒயரில். மேல் மூடியைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

ஆகவே நான் பார்க்கும் வரிசை இதுதான்: பேட்டரியில் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஃபிளாஷ் குழாய் வரை. எல்லோரும் முதலில் கெபாசிட்டரைத்தான், அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வைத்து எனக்கு ஷாக் கொடுத்த அந்தக் கறுப்பு உருளையைத்தான் சந்தேகிப்பார்கள். நான் அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

உள்ளே நடப்பது என்ன

பேட்டரியில் இருப்பது 3 வோல்ட். ஃபிளாஷ் குழாய்க்கு வேண்டியது ஏறத்தாழ 300 வோல்ட். ஒரு டிரான்சிஸ்டர் பேட்டரி மின்சாரத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை விட்டு விட்டுச் செலுத்துகிறது. ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் அதை உயர்த்துகிறது. நாம் கேட்கும் ‘உய்ங்’ அந்த டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு. உயர்ந்த மின்சாரம், ஒரு பக்கம் மட்டுமே மின்சாரத்தை விடும் டயோடு வழியாகப் போய்ப் பெரிய கெபாசிட்டரில் சேர்கிறது. பெரும்பாலும் அதன் மேல் 330 வோல்ட் என்று அச்சாகியிருக்கும்; கொள்ளளவு 80 முதல் 160 மைக்ரோ ஃபாரட்டுக்குள் இருக்கும். கெபாசிட்டர் நிரம்ப நிரம்ப டிரான்ஸ்ஃபார்மரின் சுமை குறைகிறது, சத்தம் ஏறுகிறது. சத்தத்தை நம்பலாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்: அது கெபாசிட்டர் நிரம்பும் கதையை அப்படியே சொல்கிறது.

ஆனால் 300 வோல்ட் இருந்தாலும் குழாய் தானாக எரியாது. உள்ளே இருக்கும் செனான் வாயு சும்மா இருக்கும்போது மின்சாரத்தைக் கடத்தாது. அதைத் தட்டி எழுப்ப இன்னொரு சின்னச் சுற்று உண்டு. ஷட்டர் திறக்கும் கணத்தில் ஒரு சிறு கெபாசிட்டர் டிரிகர் காயில் என்ற சுருளுக்குள் காலியாகிறது. சுருளின் மறுமுனையில் சில ஆயிரம் வோல்ட் எழுந்து குழாயின் வெளிச்சுவரைத் தொடுகிறது. வாயு விழித்துக்கொள்கிறது. பெரிய கெபாசிட்டர் அதன் வழியே கொட்டித் தீர்க்கிறது. எல்லாம் ஆயிரத்தில் ஒரு விநாடி அளவில் முடிந்துவிடும்.

முதலில் இந்தக் கருவியைச் செய்யுங்கள்

120 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் 330 வோல்ட்டில் சுமார் ஆறரை ஜூல் ஆற்றலை வைத்திருக்கும். எண்ணாகப் பார்த்தால் சின்னது. உடம்பில் ஒரே நொடியில் இறங்கினால் அப்படித் தோன்றாது. ஒரு கையில் புகுந்து மறு கை வழியாக வெளியேறினால் நடுவில் இருப்பது இதயம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலைக்கே வர வேண்டாம்.

10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று வாங்கி, இரண்டு முனையிலும் நல்ல காப்புள்ள ஒயரைப் பற்றவைத்து, ஒயர் நுனிகளில் முதலைக் கிளிப்போ மல்டிமீட்டர் ஊசியோ பொருத்துங்கள். ரெசிஸ்டரின் மேல் முழுக்க ஸ்லீவ் (மின்சாரம் கடத்தாத குழாய் உறை) போட்டு மூடுங்கள். கெபாசிட்டரின் இரண்டு கால்களிலும் இதைப் பத்து விநாடி வைத்தால் 330 வோல்ட் ஒன்றும் இல்லாத அளவுக்கு இறங்கிவிடும். மல்டிமீட்டரை 600 வோல்ட் டி.சி.யில் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். வேலை முடியும்வரை ரெசிஸ்டரை அப்படியே மாட்டி வைப்பது நல்லது. காலியான கெபாசிட்டரில் சிறிது நேரத்தில் தானாகவே கொஞ்சம் வோல்ட் திரும்ப எழும்.

ஸ்க்ரூடிரைவரை வைத்து இரண்டு காலையும் சேர்த்து ‘டப்’ என்று அடிப்பதைச் சிலர் பெருமையாகச் செய்வார்கள். டிரைவர் நுனி கருகும், கெபாசிட்டருக்கும் கேடு, உருகிய உலோகத் துளி கண்ணுக்குப் பறக்கும். இன்னொரு தவறான நம்பிக்கை, ஒருமுறை ஃபிளாஷ் அடித்துவிட்டால் உள்ளே ஒன்றும் இருக்காது என்பது. குழாய் சுமார் 50 வோல்ட்டிலேயே அணைந்துவிடும். மிச்சம் கெபாசிட்டரில்தான் நிற்கும். சுவிட்ச் ஆனில் இருந்தால் அடித்த அடுத்த நொடியே மறுபடி நிரம்பவும் தொடங்கிவிடும்.

மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள். பேட்டரி உள்ளே இருக்கும்போது ஒரு கையால் மட்டும் வேலை. இன்னொரு கை மடியில்.

திறப்பதற்கு முன்

நிறைய கேமராக்களில் ஃபிளாஷ் பழுதே இல்லை. வெளிச்சம் போதும் என்று கேமரா முடிவு செய்தால் ஃபிளாஷ் அடிக்காது. முன்பக்கம் லென்ஸ் அருகே இருக்கும் சின்ன உணர்கண்ணை விரலால் மூடி ஒருமுறை அடித்துப் பாருங்கள். “செத்துப்போச்சு” என்று என்னிடம் வந்த இரண்டு கேமராக்கள் இப்படியே ‘பிழைத்தன’. கொண்டு வந்தவர்கள் முகத்தில் சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

அடுத்தது பேட்டரி. ரிமோட்டில் போடும் மலிவான துத்தநாக-கார்பன் பேட்டரி இதற்கு உதவாது. ஃபிளாஷ் நிரம்பத் தொடங்கும்போது ஓர் ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். அந்த பேட்டரியால் அதைக் கொடுக்க முடியாது. புது ஆல்கலைன் போடுங்கள். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட்தான் என்றாலும் தாராளமாக மின்னோட்டம் தரும். பல கேமராக்களில் அதில் ஃபிளாஷ் இன்னும் வேகமாக நிரம்பும்.

இப்போது பேட்டரி அறையின் தகடுகளைப் பாருங்கள். வெள்ளை உப்பு பூத்திருக்கிறதா, பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா? ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். காரத்துக்கு மாற்று அமிலம். காது குடையும் பஞ்சுக் குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் தடவினால் லேசாக நுரைத்து இளகும். பிறகு ஈரக் குச்சியால் துடைத்து, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். உப்புத்தாளால் தகட்டின் மேல்பூச்சு போகும்வரை தேய்க்காதீர்கள். பளபளவென்று இருக்கும், ஆனால் ஆறு மாதத்தில் மறுபடி களிம்பு ஏறும்.

இங்கே ஒரு அளவை எடுத்துப் பாருங்கள், இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பேட்டரியைத் தனியாக அளந்தால் 1.5 வோல்ட் காட்டும், நீங்களும் நல்லது என்று நினைப்பீர்கள். அது வேண்டாம். ஃபிளாஷ் ‘உய்ங்’ என்று நிரம்பிக்கொண்டிருக்கும்போது, மல்டிமீட்டரின் ஒரு ஊசியை பேட்டரியின் முனையிலும் இன்னொன்றை அது தொடும் தகட்டிலும் வையுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் உலோகம்; வித்தியாசம் கிட்டத்தட்டப் பூஜ்யமாக இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் திருடன் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். அழுக்கு இணைப்பில் ஒரே ஒரு ஓம் தடை இருந்தால் போதும், 2 ஆம்பியர் ஓடும்போது உங்கள் 3 வோல்ட்டில் 2 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். சுமை இல்லாமல் அளந்தால் இது தெரியவே தெரியாது.

தகடு சுத்தம், ஆனாலும் வித்தியாசம் இருக்கிறதென்றால் தகட்டின் பின்னால் பற்றவைத்த ஒயரைப் பாருங்கள். கசிந்த காரம் ஒயரின் பிளாஸ்டிக் உறைக்குள் புகுந்து ஏறும். வெளியே சிவப்பாக அழகாக இருக்கும் ஒயரை உரித்தால் உள்ளே செம்பு கறுத்துக் கிடக்கும். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது. வெட்டிக்கொண்டே போங்கள், சிவந்த செம்பு வரும்வரை. வரவில்லையென்றால் முழு ஒயரையும் மாற்றுங்கள். என்னிடம் வந்த செத்த ஃபிளாஷ்களில் பெரும் பங்கு இந்தப் படியோடு உயிர் பெற்றவை.

சத்தத்தைக் கேளுங்கள்

சத்தமே இல்லையா? பாப்-அப் ஃபிளாஷ் என்றால், ஃபிளாஷ் மேலே எழும்பும்போது ஒரு மெல்லிய தகடு இன்னொன்றைத் தொட்டு சுவிட்சாக வேலை செய்யும். ஃபிளாஷின் தலையை விரலால் இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக் கேளுங்கள். சத்தம் வந்தால் தகடு வளைந்திருக்கிறது அல்லது அழுக்கேறியிருக்கிறது.

சத்தம் வருகிறது, ஆனால் ஏறாமல் அடிக்குரலிலேயே முனகுகிறதா? கெபாசிட்டரில் ஊற்றுவது ஓட்டைப் பானையில் ஊற்றுவது போல ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே மாற்ற வேண்டியதில்லை. எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் உள்ளே அலுமினியத் தகட்டின் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. பல வருடம் சும்மா கிடந்தால் அந்தப் படலம் பலவீனமாகும், மின்சாரம் ஏற்ற ஏற்ற மறுபடி உருவாகும். உள்ளேயே எலக்ட்ரானிக் ஃபிளாஷோடு வந்த கோனிகா சி35 ஈஎஃப் வெளியானது 1975இல். அந்தத் தலைமுறைக் கேமராக்களின் கெபாசிட்டருக்கு வயது ஐம்பதை நெருங்கிவிட்டது அல்லது தாண்டிவிட்டது; அலமாரியில் தூங்கி எழுந்தவுடன் ஓடு என்றால் எப்படி ஓடும்? அரை நிமிடம் ஆனில் வையுங்கள், ஒரு நிமிடம் ஆஃப். இப்படி ஐந்தாறு முறை. ஒவ்வொரு முறையும் சத்தம் கொஞ்சம் அதிகம் ஏறினால் பிழைத்துக்கொள்ளும். பேட்டரி தொட முடியாமல் சுட்டால் உடனே கழற்றுங்கள்; அது கெபாசிட்டரோ டயோடோ ஷார்ட் ஆனதன் அறிகுறி.

சத்தம் முழுதாக ஏறுகிறது, ஆரஞ்சு விளக்கு மட்டும் எரியவில்லையா? கவலைப்படாமல் ஒரு படம் அடித்துப் பாருங்கள். அந்த விளக்கு ஒரு நியான் பல்பு. வயதானால் கறுத்து மங்கும். விளக்கு செத்து ஃபிளாஷ் நன்றாக இருக்கும் கேமராவை அப்படியே பயன்படுத்தலாம், எண்ணிக்கொண்டு பத்து விநாடி காத்திருந்தால் போதும். நான் ஒன்றை அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

விளக்கு எரிகிறது, வெளிச்சம் இல்லை

இனி திறந்தே ஆக வேண்டும். ஜப்பான் கேமராக்களின் திருகுகள் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவு, சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக உட்காராமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். சரியான நுனியை வாங்குங்கள். ஒவ்வொரு படியிலும் மொபைலில் ஒரு படம். மூடி அகன்றதும், வேறு எதையும் தொடுவதற்கு முன், அந்த ரெசிஸ்டர்.

பாப்-அப் கேமரா என்றால் என் கண் நேராகக் கீலுக்குப் போகும். ஃபிளாஷ் ஒவ்வொரு முறை எழும்பி மடங்கும்போதும் அங்கே மூன்று ஒயர்கள் வளைகின்றன: இரண்டு குழாயின் முனைகளுக்கு, ஒன்று டிரிகருக்கு. வருடக்கணக்கில் வளைந்து, உறை அப்படியே இருக்க உள்ளே இழை அறுந்திருக்கும். மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் ஒலிக்கும் ‘பீப்’ நிலையில் வைத்து, ஒயரின் இரு முனையையும் தொட்டபடி ஃபிளாஷை மெதுவாகத் தூக்கி மடக்குங்கள். விட்டு விட்டு பீப் அடித்தால் அதுதான். மாற்றும்போது பல மெல்லிய இழைகள் கொண்ட சிலிக்கான் உறை ஒயரையே போடுங்கள். ஃபிளாஷ் முழுதாக எழும்பிய நிலையில் நீளத்தை அளந்து, விரல் அகலத்தில் பாதி கூடுதலாக விடுங்கள். ஸ்ப்ரிங்கின் மேல் உரசாத வழியில் கொண்டுபோங்கள். நான் முதல் தடவை மடங்கிய நிலையில் அளந்தேன். ஃபிளாஷ் பாதியில் நின்று முறைத்தது.

டிரிகர் ஒயரில் மட்டும் கூடுதல் கவனம். சில ஆயிரம் வோல்ட் சில மில்லிமீட்டர் காற்றைத் தாண்டிக் குதிக்கும். பற்றவைத்த இடத்தில் ஈயம் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது; உருண்டையாக முடியட்டும், மேலே ஸ்லீவ். இந்த வோல்ட்டை மல்டிமீட்டரால் அளக்க முயலாதீர்கள், மீட்டர் போய்விடும். அதற்குப் பதில் அறையை இருட்டாக்கி ஷட்டரை அடித்துப் பாருங்கள். எங்காவது நீலமாக ஒரு பொட்டு மின்னி ‘டிக்’ என்றால் அங்கே கசிகிறது.

ஒயர்கள் நன்றாக இருந்தால் அடுத்தது ஷட்டரின் ஃபிளாஷ் தொடர்பு: ஷட்டர் திறக்கும்போது ஒன்றையொன்று தொட்டு டிரிகரை இயக்கும் இரண்டு தகடுகள். பேட்டரி இல்லாமல், கெபாசிட்டர் காலியாக இருக்கும்போது, அந்தத் தகடுகளிலிருந்து வரும் இரண்டு ஒயர்களில் பீப் வைத்து, அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் ‘பி’ நிலையில் அழுத்துங்கள். அழுத்தும்போது பீப், விட்டதும் அமைதி. இல்லையென்றால் தொடர்பு அழுக்கு. ஒரு மெல்லிய காகிதக் கீற்றை ஆல்கஹாலில் நனைத்து இரண்டு தகடுகளுக்கும் நடுவில் விட்டு இழுங்கள். காகிதத்தில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாதவரை இழுங்கள். உப்புத்தாள் இங்கே கூடவே கூடாது. எல்லாமே எலக்ட்ரானிக்காக இயங்கும் பிற்காலக் கேமராக்களில் இந்தத் தகடு இருக்காது. அங்கே தைரிஸ்டர் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச் அந்த வேலையைச் செய்கிறது.

தொடர்பும் சரியென்றால் டிரிகரின் சின்ன கெபாசிட்டரை மாற்றிப் பாருங்கள். அதன் மேல் இருக்கும் அதே மதிப்பு, 400 வோல்ட் தாங்கும் ‘ஃபிலிம்’ வகை (பிளாஸ்டிக் படலக் கெபாசிட்டர்; கேமரா ஃபிலிம் அல்ல). அப்புறம் டிரிகர் காயில்: சுருள் அறுந்திருந்தால் மீட்டரில் எதுவும் காட்டாது. குழாயின் முனைகள் கறுத்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது உழைத்த அடையாளம். கண்ணாடியில் கீறல் விழுந்து காற்று புகுந்திருந்தால் மட்டுமே குழாய் போனது. அதற்கு வேறொரு செத்த கேமராவிலிருந்து அதே நீளக் குழாய் வேண்டும்.

கெபாசிட்டர் மாற்றுவது பற்றி ஒரு பத்தி போதும். ஃபோட்டோ ஃபிளாஷ் என்று அச்சிட்ட கெபாசிட்டரையே போடுங்கள். சாதாரண 350 வோல்ட் கெபாசிட்டர் ஒரே மூச்சில் கொட்டித் தீர்க்கச் செய்யப்பட்டதல்ல, இடத்திலும் அடங்காது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் ஃபிளாஷ் கேமராக்களிலிருந்து நல்லது கிடைக்கும். அவற்றைத் திறக்கும்போதும் அதே ரெசிஸ்டர் விதிதான். பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. 120 இருந்த இடத்தில் 160 போட்டால் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு கூடும், நிரம்பும் நேரமும் கூடும். நெகட்டிவ் ஃபிலிம் அதைத் தாங்கும், ஸ்லைடு ஃபிலிம் முகம் சுளிக்கும்.

மூடியபின்

ஃபிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, துளையை முழுக்கத் திறந்து வைத்து, ஒரு மீட்டர் தூரத்தில் வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பிடியுங்கள். பின்னாலிருந்து லென்ஸ் வழியே பார்த்தபடி அடியுங்கள். வட்டம் முழுதாக வெள்ளையாக மின்னினால் ஷட்டரும் ஃபிளாஷும் ஒத்துப்போகின்றன. மின்னல் தெரிந்தும் லென்ஸ் இருட்டாக இருந்தால் தொடர்பு முந்தியோ பிந்தியோ மூடுகிறது. எஸ்.எல்.ஆர். (லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் கேமரா) என்றால் ஷட்டர் வேகம் விநாடியில் 60இல் ஒரு பங்கைவிட வேகமாகப் போக வேண்டாம்.

வெளிச்சம் போதுமா என்பதற்குக் கையேட்டில் இருக்கும் கைடு எண் வேண்டும்; அதை லென்ஸ் துளையின் எஃப் எண்ணால் வகுத்தால் ஃபிளாஷ் எட்டும் தூரம் கிடைக்கும். அது 14 என்றால், 100 வேக ஃபிலிமில் எஃப் 5.6க்கு இரண்டரை மீட்டர், எஃப் 2.8க்கு 5 மீட்டர். நான் ஒரு ரோலின் முதல் ஆறு சட்டங்களை இதற்காகவே செலவழிப்பேன்: ஒரு நாற்காலி, மூன்று தூரம், தூரத்துக்கு இரண்டு படம். நாற்காலியில் மகள் உட்கார்ந்தால் நன்றாக இருக்கும். அவள் வர மாட்டாள். என்னிடம் இப்போது வெறும் நாற்காலியின் நெகட்டிவ்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.

வேலை முடிந்த கேமராவை பேட்டரியோடு அலமாரியில் வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை எடுத்து, பேட்டரி போட்டு, சத்தம் ஏறி முடியும்வரை நிரப்பி, இரண்டு முறை அடித்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி வையுங்கள். எங்கள் வீட்டில் அது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. ஏழு கேமரா. அவள் காதைக் கொடுப்பது அந்த ஏழுக்கு மட்டும், எட்டாவது வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள்.